எங்கட பரம்பரை கட்டை ஆயுசாம்!



பதிவு நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கேள்வியைப் பாதி வாசித்துவிட்டு விடை எழுதுகிற எங்கட தரம் 11 பிள்ளைகள் மாதிரி, பாதியில் விட்டுவிட்டு கொமென்ட் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் என் தங்கச்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. நல்ல இடம். பெண் பார்த்துவிட்டும் போனார்கள். பிறகு ஒரு கிழமை சத்தமே இல்லை. நானே தரகருக்குக் கோல் எடுத்தேன். மனிசன் மென்று முழுங்கிச் சொன்னார்: “சேர், புள்ளையில ஒரு குறையும் இல்ல. படிப்பு, மார்க்கம் எல்லாம் அவங்களுக்குப் புடிச்சிரிக்கி. ஆனா உங்கட வாப்பா வெள்ளனவே மௌத்தாப் போனவராமே, சாச்சாவும் அப்படித்தானாமே, சீனி வருத்தமும் இரிக்காமே. அது பரம்பரையில ஓடுமாம். அவங்க கொஞ்சம் யோசிக்கிறாங்க.”

யோசிக்கிறாங்க என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

இதை எழுதவா என்று தங்கச்சியிடம் கேட்டேன். “எழுதுங்க காக்கா, என்ட பேரப் போடாதீங்க” என்றாள். வந்த வீட்டாரைப் பற்றியும் ஒன்றும் எழுத மாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரே பேசுகிற பேச்சைத்தான் அவர்களும் பேசினார்கள். என் சண்டை அந்தப் பேச்சோடு. வீடு கேட்டோம், வளவு கேட்டோம், இப்போது பெண்ணின் வாப்பா எத்தனை வயது வரைக்கும் இருந்தார் என்றும் கேட்கத் தொடங்கிவிட்டோம். சீதனப் பட்டியலில் இனி ஆயுசும் ஒரு வரி.

நான் டொக்டர் இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த ஒரு விஞ்ஞான ஆசிரியர். ஆனால் பிறப்புரிமையியல் பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. நம்மூரில் “பரம்பரை” என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கும் விஞ்ஞானம் பரம்பரை அலகு என்று எதைச் சொல்கிறதோ அதற்கும் பாதித் தொடர்புகூட இல்லை.

குற்றம் எங்களிடமும் இருக்கிறது. நாங்கள் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியோடு நின்றுவிடுகிறோம். உயரம், குள்ளம். உருண்டை விதை, சுருங்கிய விதை. ஓர் இயல்புக்கு ஒரு சோடி அலகு. பிள்ளைகள் பரீட்சைக்குச் சதுரம் கீறி, மூன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பிறகு இருபது வருடம் கழித்து அதே பிள்ளைகள் தேநீர்க் கடையில் இருந்துகொண்டு, ஆயுசும் பட்டாணி விதை மாதிரி வாப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே வரும் என்று பேசுகிறார்கள். மனிதனின் ஆயுளுக்கு அப்படி ஒரு சோடி அலகு கிடையாது. எத்தனையோ அலகுகள் ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தாக்கம் செலுத்துகின்றன. உலகம் முழுக்கத் தேடியும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப அகப்படுபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஏபோஈ என்று ஒன்று: அதன் ஒரு வகை இருந்தால் வயதான காலத்தில் அல்சைமர் மறதி நோய்க்கும் இருதய நோய்க்கும் வாய்ப்புக் கூடும், இன்னொரு வகை இருந்தால் குறையும். அடுத்தது ஃபொக்ஸோ3. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்ச ஆண்களில் 2008இல் அதைக் கண்டார்கள். இவையும் வாய்ப்பைக் கூட்டிக் குறைப்பவைதான். இத்தனை வயதில் மௌத்து என்று எழுதிய அலகு எங்கட உடம்பில் இல்லை.

இனி என் குடும்பக் கதை. ஊருக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஊர் அதை வசதிக்கு ஏற்றபடி இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறது.

என் மூத்தாப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, மௌத்தாகும்போது ஊர்க் கணக்கில் 102 வயது. அவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தோம், 91. (இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2010இல் ஜப்பானில் குடும்பப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறைத் தாண்டியவர்கள் என்று பதிவில் இருந்தும் ஆள் எங்கே என்று தெரியாதவர்கள் 230,000க்கு மேல் இருந்தார்கள். எப்போதோ இறந்தவர்களை யாரும் பதிவிலிருந்து நீக்கவில்லை. உலகத்தின் நூறு வயதுக் கதைகளில் எத்தனை பதிவுப் பிழை என்பது தனிப் பதிவாக எழுத வேண்டிய விசயம்.) 91 என்றாலும் பெரிய வயதுதான். கடைசி வரைக்கும் வட்டைக்குப் போய் வந்தவர். அந்த நாட்களில் ஊர் என்ன சொன்னது? “அவங்கட பரம்பரை இரும்பு.” இதை நான் சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

என் வாப்பா அதை நம்பினார்.

ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரட். பிரசர் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து நான் நச்சரித்தேன், உம்மா அழுதா. “எங்கட வாப்பாக்கு என்ன நடந்த? அவரு சுருட்டுப் புடிச்சவருதானே. எங்களுக்கு ஒண்டும் ஆகாது” என்பார். 53 வயதில், ஒரு சுபஹுக்குப் பிறகு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இத்தா முடிந்த பிறகு உம்மா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்துத் தந்தா. கிளினிக்கில் கொடுத்த குளிசைகள். சின்னச் சின்னக் கடதாசி உறை, ஒவ்வொன்றிலும் பேனையால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. நாலு மாதத்துக்குரியவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

மாதா மாதம் கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்று எடுத்து வந்திருக்கிறார், உம்மாவின் வாயை அடைக்க. குடிக்கவில்லை. இரும்புப் பரம்பரைக்குக் குளிசை எதற்கு?

இப்போது, ஒன்பது வருடம் கழித்து, அதே ஊர் அதே குடும்பத்தைப் பார்த்துச் சொல்கிறது, “அவங்கட பரம்பரை கட்டை ஆயுசு.” மூத்தாப்பாவின் இரத்தம்தான் வாப்பாவில் ஓடியது. அந்த இரத்தம் எந்தத் தேதியில் இரும்பிலிருந்து தகரமாக மாறியது என்று யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூத்தாப்பாவோடு பிறந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் நாலு பேர் சின்ன வயதிலேயே காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் போய்விட்டார்கள். அவர்களுடைய கப்ருகளுக்கு மீசான் கல்கூட இல்லை, பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. நீண்ட ஆயுள் பரம்பரை என்று கணக்குப் போடும்போது ஊர் அந்த நாலு பேரையும் கணக்கில் எடுக்கவில்லை. தப்பியவரை மட்டும் எண்ணினால் எந்தக் குடும்பமும் நீண்ட ஆயுள் குடும்பம்தான்.

உலகத்திலேயே அதிக வயது வாழ்ந்ததாக உறுதிசெய்யப்பட்டவர் பிரான்ஸ் நாட்டில் ஆர்ல் நகரத்துப் பெண் ஒருவர், ஜான் கல்மான். 1875இல் பிறந்து 1997இல் இறந்தார், 122 வயது. (அவருடைய வயதில் சந்தேகம் கிளப்பியவர்களும் உண்டு, ஆனால் அந்தப் பதிவு இன்னும் நிற்கிறது.) நம்மூரில் சிகரட்டை விடாதவர்களுக்கு இவரைத் தெரிந்திருந்தால் நல்ல ஆயுதம், ஏனென்றால் அவர் நூறைத் தாண்டியும் புகைத்தவர். ஆனால் கதையின் மற்றப் பாதியைக் கேளுங்கள். அவருக்கு ஒரே ஒரு மகள். அந்த மகள் நுரையீரல் நோயில் இறந்தபோது வயது 36. அந்த மகளின் ஒரே மகன், அதாவது பேரன், 1963இல் வாகன விபத்தில் இறந்தார், அவரும் நாற்பதைத் தொடவில்லை. உலகத்தின் ஆகக் கூடிய ஆயுளின் பரம்பரை அதோடு முடிந்தது. நம்மூர்த் தரகர் அந்த மகளுக்குப் பேச்சுக் கொண்டு போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “உம்மா நல்ல கட்டை, நூறு வரைக்கும் போவா, புள்ளையும் அப்படித்தான்.”

சரி, ஒரு குடும்பத்தின் கதை ஆதாரம் ஆகாது. மூத்தாப்பா கதையும் ஆகாது, கல்மான் கதையும் ஆகாது, என் வாப்பாவின் கதையும் ஆகாது. நிறையப் பேரைப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்கள் 2,872 சோடியை எடுத்து, அவர்கள் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று ஒப்பிட்டு 1996இல் வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பரம்பரை அலகுகள் முழுக்க ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சாதாரணச் சகோதரர் அளவுதான் ஒற்றுமை. இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரத்தத்தின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். வந்த விடை: ஆளுக்கு ஆள் ஆயுள் வேறுபடுவதில் பரம்பரை அலகுகளின் பங்கு சுமார் கால்வாசி.

2018இல் இன்னும் பெரிய ஒன்று. 40 கோடிக்கு மேற்பட்ட மக்களின் குடும்ப மரங்களை வைத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்ச அமெரிக்கர்கள். அதில் சுவாரசியமான விசயம் என்னவென்றால், இரத்த உறவே இல்லாத, ஒரே வீட்டில் வளராத மச்சான்மார்களின் ஆயுளும் ஒன்றையொன்று ஒத்துப்போனது. எப்படி? மனிதர்கள் தங்களைப் போன்ற ஆட்களையே கட்டுகிறார்கள். காசுள்ளவர் காசுள்ள இடத்தில், படித்தவர் படித்த இடத்தில், புகைப்பவர் புகைக்கிற குடும்பத்தில். (நம்மூரில் மச்சான் என்றால் பாதிப்பேர் மாமி மகன்தான், எங்களிடம் இந்த ஆய்வைச் செய்தால் ஆய்வாளர்களுக்குத் தலை சுற்றும்.) அந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தபோது அலகுகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைந்துபோனது. இவ்வளவு காலமும் இரத்தம் என்று எண்ணியதில் ஒரு பகுதி வீடு, வருமானம், பழக்கம்.

எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். அண்மையில் வந்த ஓர் ஆய்வு இதற்கு மறுபக்கம் பேசுகிறது. விபத்து, தொற்றுநோய் போன்ற வெளிக் காரணங்களால் வந்த மரணங்களைக் கணக்கிலிருந்து விலக்கினால், மிச்சத்தில் பரம்பரை அலகுகளின் பங்கு பாதி வரைக்கும் போகும் என்கிறது. அமெரிக்காவில் நூறு வயதைத் தாண்டியவர்களைப் படித்தவர்களும், அவர்களுடைய உடன்பிறந்த ஆண்கள் நூறை எட்டும் வாய்ப்பு மற்றவர்களை விட 17 மடங்கு, பெண்களுக்கு 8 மடங்கு என்று 2002இல் கண்டார்கள். ஆகவே அலகுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. 100ஐத் தாண்டிப் போவதற்கு நல்ல அலகுகள் பெரிய உதவி. ஆனால் எங்கட வாப்பாமார் 100ஐத் தாண்டவில்லை என்றா அழுகிறோம்? ஐம்பதிலும் அறுபதிலும் ஜனாஸா தூக்குகிறோம். அந்த வயதில் ஒருவரைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த ஆய்வு வெளியே விலக்கி வைத்ததைப் போன்ற சங்கதிகளும், விலக்காமல் விட்ட சிகரட்டும் பிரசரும் சீனியும்தான்.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். 1934, 35இல் மலேரியா வந்து இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1946இல்கூட ஆயிரம் பேருக்கு வருடத்தில் 20 பேர் இறந்தார்கள், சராசரி ஆயுள் 45ஐ எட்டவில்லை. (சராசரி என்பதைச் சரியாக விளங்குங்கள். எல்லோரும் 45க்குள் இறந்தார்கள் என்பதில்லை. மூத்தாப்பாவின் அந்த நாலு பேர் மாதிரிக் குழந்தைகள் நிறையப் பேர் இறந்ததால் சராசரி கீழே வந்தது.) அடுத்த வருடம், 1947இல், ஆயிரத்துக்கு 14 ஆகக் குறைந்தது. ஒரே வருடத்தில்! டிடிடி மருந்து தெளித்ததா, ஆஸ்பத்திரிகள் பெருகியதா, மலிவு அரிசியா, எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒரு விசயத்தில் யாருக்கும் வாதம் இல்லை: ஒரு வருடத்தில் ஒரு நாட்டின் பரம்பரை அலகுகள் மாறாது. இன்று எங்கட சராசரி ஆயுள் 75ஐத் தாண்டிவிட்டது. அதே இரத்தம்.

எதிர்த் திசையிலும் நடக்கும். ஜப்பானில் ஒகினாவா என்ற தீவு மக்கள் நீண்ட ஆயுளுக்குப் பேர் போனவர்கள். நூறு வயதுக்காரர்கள், வத்தாளங்கிழங்கு, மரக்கறி என்று எத்தனை வீடியோ பார்த்திருப்பீர்கள். 1980களில் ஜப்பானின் மாகாணங்களில் அந்த ஆண்களின் ஆயுள் முதல் வரிசையில் இருந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கு வந்தபோது 47 மாகாணங்களில் 26ஆவது இடம். ஜப்பானே அதிர்ந்தது. அமெரிக்க முகாம்களோடு வந்த டின் இறைச்சியும் பர்கரும், நடப்பதை விட்டுக் காரில் ஏறியதும்தான் காரணம் என்று அவர்களே பேசினார்கள். தாத்தாமார் தொண்ணூறில் தோட்டத்தில் வேலை செய்ய, மகன்மார் அவர்களுக்கு முன்னே போனார்கள். எனக்கு அதை வாசிக்கும்போது ஒகினாவா ஞாபகம் வரவில்லை, எங்கட வீட்டு முன்விறாந்தைதான் ஞாபகம் வந்தது.

சீனி வருத்தத்துக்கு வருகிறேன். கலியாணப் பேச்சை உடைத்ததில் அதற்கும் பங்கு இருக்கிறதே.

2018, 19இல் நாடு முழுக்கச் செய்த ஆய்வில், இலங்கையில் வளர்ந்தவர்களில் 100 பேருக்கு 23 பேருக்கு நீரிழிவு. இன்னும் 30 பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். முஸ்லிம்களிடம் அது மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தது. அதாவது நாங்கள்தான். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நாலு பேருக்கு ஒருவருக்குச் சீனி என்றால், பெண் பார்க்கப் போன வேனுக்குள்ளும் நாலு பேருக்கு ஒருவருக்குச் சீனி. இதில் யார் யாரைத் தள்ளுவது?

தெற்காசியர்களுக்குச் சீனி வருத்தம் சுலபமாக வருவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் என் வீட்டையே பாருங்கள். வாப்பாவுக்கும் சீனி இருந்தது, உம்மாவுக்கும் சீனி. இரண்டு பேரும் வேற வேற ஊர், ஒரு சொட்டு இரத்த உறவு கிடையாது. பொதுவாக இருந்தது சீனிப் போத்தல். காலையில் பால் டீ, பத்து மணிக்கு பனிஸோடு டீ, அஸருக்குப் பிறகு ரோல்ஸோடு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. பகலைக்குச் சோறு, இரவைக்கு புட்டு இல்லாட்டி கொத்து. கலியாண வீட்டில் சஹனில் ஆறு பேருக்கு வைக்கிற சோறு, இறைச்சி, அதற்கு மேலே வட்டிலப்பம். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் கோவிக்கிறார். இதையெல்லாம் நாங்கள் எங்கட பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறோம். நாங்கள் பரம்பரை என்று சொல்வதில் இதுதான் பெரிய பங்கு. சமையல் முறை, கரண்டி அளவு, நடக்காத கால், கிளினிக்குக்குப் போகாத ரோசம்.

வாப்பாவுக்கு இருந்தால் எப்படியும் வரும்தானே, பிறகு எதற்கு வாயைக் கட்டுவது என்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், கொஞ்சம் எடை குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் நடந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. அதே ஆட்களின் பரம்பரை அலகுகளையும் பிறகு பார்த்தார்கள். நீரிழிவுக்குச் சாதகமான மோசமான அலகு இருந்தவர்களுக்கும் அந்த நடையும் கட்டுப்பாடும் வேலை செய்திருந்தது. அது வெள்ளைக்காரனுக்கு என்பீர்கள். பக்கத்தில் சென்னையில் செய்து 2006இல் வெளியிட்டார்கள். அங்கேயும் குறைந்தது, ஆனால் 28 வீதம் அளவில்தான். எங்கட ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

சிகரட்டுக்கும் ஒரு கணக்கு. பிரித்தானியாவில் 1951இல் தொடங்கி ஐம்பது வருடம் டொக்டர்களையே தொடர்ந்து பார்த்தார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னரே இறந்தார்கள். அறுபதில் விட்டவர் மூன்று வருடத்தை மீட்டார், ஐம்பதில் விட்டவர் ஆறு, நாற்பதில் விட்டவர் ஒன்பது. முப்பதில் விட்டவருக்கு ஏறக்குறைய முழுப் பத்தும் திரும்பக் கிடைத்தது. என் வாப்பாவுக்கு நாற்பது வயதாகும்போது நான் தரம் ஒன்பதில் இருந்தேன். இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாரா என்று தெரியாது.

“ஆயுசு அல்லாஹ்ட கையில, உங்கட ஆராய்ச்சிய மூடுங்க சேர்” என்று எழுத ஒருவர் தயாராக இருப்பார், தெரியும். அவருடைய வேலையைக் குறைக்கிறேன். ஆயுள் அல்லாஹ்வின் கையில்தான், என் ஈமானும் அதுதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாங்கள். ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரழி) வழியிலேயே திரும்பிய வரலாற்றை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அவரைக் கேட்டதும், அதற்கு அவர் சொன்ன பதிலும் எல்லோருக்கும் தெரியும். அதோடு ஒன்று கேட்கிறேன். ஆயுள் அல்லாஹ்வின் கையில் என்பது சிகரட் பற்ற வைக்கும்போது ஞாபகம் வருகிறது, பெண்ணைத் தள்ளும்போது மட்டும் ஏன் அது பரம்பரையின் கைக்குப் போகிறது?

குடும்ப வரலாற்றை யாரும் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஆள் தரகர் இல்லை, டொக்டர். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55க்கு முன்னர் மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களை விட வெள்ளனவே கொலஸ்ட்ரோலும் பிரசரும் பார்க்க வேண்டும். ஒரே ஓர் அலகின் பிழையால் பிறந்ததிலிருந்தே கொலஸ்ட்ரோல் ஏறிப்போயிருக்கும் குடும்பங்களும் உண்டு, ஏறக்குறைய 250, 300 பேருக்கு ஒருவர். அது சுத்தமான பரம்பரை வருத்தம், மெண்டல் சொன்ன மாதிரியே தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வருவது. அதற்கும் குளிசை இருக்கிறது, நேரத்தோடு தொடங்கினால் மாரடைப்பைப் பல வருடம் தள்ளலாம். ஆக, பரம்பரை ஆகப் பலமாக இருக்கிற இடத்தில்தான் கிளினிக்குக்கும் ஆகக் கூடுதல் வேலை இருக்கிறது.

கலியாணத்துக்கு முன்னர் கட்டாயம் கேட்க வேண்டிய பரம்பரைக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. தலசீமியா. ஆணும் பெண்ணும் இருவருமே அந்த அலகைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, அந்தப் பிள்ளைக்கு மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். சொந்தத்துக்குள் கட்டினால் இருவரும் ஒரே அலகைச் சுமக்கும் வாய்ப்புக் கூடும். ஓர் இரத்தப் பரிசோதனை, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. மாமி மகளைக் கட்டும்போது “எங்கட இரத்தம்தானே” என்று சந்தோசப்படுகிறோம், வெளியில் பெண் எடுக்கும்போது இரத்தத்தைப் பற்றிப் பயப்படுகிறோம். கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

தங்கச்சி போன மாதமே சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்த்தாள். அந்த ரிப்போர்ட்டை அந்த வீட்டாருக்கு அனுப்பு, எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அனுப்ப மாட்டோம். அவள் என்ன, பழைய மோட்டார் சைக்கிளா, வாங்கப் போகிறவருக்கு இஞ்சினைத் திறந்து காட்ட? கேட்கிறதாக இருந்தால் மாப்பிள்ளையும் தன்னுடையதைக் கொண்டுவரட்டும், மேசையில் இரண்டையும் வைத்துப் பேசலாம்.

எனக்கு இப்போது 36. என்னுடைய கொலஸ்ட்ரோல் கூடத்தான் வந்தது. இரவில் ஒரு குளிசை குடிக்கிறேன், உம்மா முன்னால் வைத்து, உறையைக் கிழித்துக் காட்டிவிட்டு. மகன் கேட்டான், ஏன் வாப்பா உம்மும்மாட்டக் காட்டிக் குடிக்கிறீங்க என்று. அவனுக்கு ஐந்து வயது. பிறகு சொல்கிறேன் என்றேன்.

பாடசாலை விடுமுறை தொடங்கி முதல் புதன்கிழமை காலை ஏழரைக்கு நானும் எங்கட ஸ்டாஃபில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போகிறோம். 35 தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரசரும் அங்கே சும்மா பார்ப்பார்கள். என் பைக்கின் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. வருகிறவர் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும், பிளேன்டீயும் கூடாது.